பேட்டரியைச் சோதிக்கப் பொறி தட்டிப் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பானெட்டைத் திறந்து, ஒரு ஒயரையோ ஸ்பேனரையோ பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே சட்டென்று தட்டி, "பொறி பறக்குது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தொழில் தெரிந்தவர்களே இதைச் செய்வதுதான் கவலை தருகிறது. பாதிச் சார்ஜ் இறங்கிய பேட்டரியும் பொறி விடும். ஒரு செல் செத்துப்போன பேட்டரியும் பொறி விடும். இன்ஜினைச் சுழற்றும் தெம்பு அதில் இருக்கிறதா என்பது பொறியைப் பார்த்துத் தெரியவே தெரியாது.

12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்கிற தைரியம்தான் இதற்கெல்லாம் காரணம். ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் கார் பேட்டரியின் உள்தடை மிக மிகக் குறைவு. குறுக்கே இரும்பு பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயும். ஸ்பேனர் டெர்மினலோடு ஒட்டிக்கொள்ளும். மோதிரமோ உலோகக் கடிகாரப் பட்டையோ பட்டால், கழற்றுவதற்குள் சதையைச் சுட்டுவிடும். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெளிவருகின்றன. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு சின்னப் பொறியில் பற்றிக்கொள்ளும். பேட்டரி வெடித்தால் பிளாஸ்டிக் சில்லும் கந்தக அமிலமும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்தில்தான் தெறிக்கும்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், பொறியே இல்லாமல் பேட்டரியின் நிலையைக் கண்டுபிடித்துவிடலாம். முறையை விரிவாகவே எழுதுகிறேன். கார் வைத்திருக்கும் வாசகர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடியதுதான்.

மீட்டரை எடுப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். பெட்டியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஈரம் கசிந்திருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ அந்தப் பேட்டரியைச் சோதிக்கவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். உப்பல் என்பது பெரும்பாலும் அளவு மீறிச் சார்ஜ் ஆகிச் சூடேறியதன் அடையாளம். கடுங்குளிரில் உறைந்திருந்தாலும் உப்பும். நாற்றம் என்றால் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மற்றபடி பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பார்வைக்காகப் போடும் கண்ணாடி பக்கவாட்டில் மறைக்காது, அது போதாது. மோதிரம், வளையல், கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். காற்றோட்டமான இடம் வேண்டும். பீடி, சிகரெட் கிட்டே வரக் கூடாது. பேட்டரியின் மேல் படிந்த தூசியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். உராய்வில் உண்டாகும் நிலைமின்சாரமே பொறியாகிவிடலாம். ஈரத் துணிதான் சரி.

இனி மீட்டர். கறுப்பு ஒயர் 'காம்' என்று எழுதிய துளையில், சிவப்பு ஒயர் வோல்ட் குறியிட்ட துளையில். திருகியை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். இந்த இடத்தில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்: சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருந்துவிட்டால், வோல்ட் பார்க்கிறோம் என்று நினைத்து நாம் செய்வது ஸ்பேனரைக் குறுக்கே போடும் வேலையேதான். அந்தத் துளைக்கு ஃபியூஸ் வைக்காமலே விற்கும் மலிவு மீட்டர்களில் ஒயர் கையிலேயே உருகும்.

முதல் அளவு, ஓய்வில் இருக்கும் வோல்ட். வண்டி ஓடி நின்றதும் அளந்தால் 13 வோல்ட்கூடக் காட்டும்; அதை நம்பக் கூடாது. தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் ஏறி நிற்கும் சார்ஜ் அது. நுரையோடு சேர்த்து அளந்த பால் மாதிரிதான் அந்தக் கணக்கு. ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் கதவைத் திறந்து உள்விளக்குகள் எரிவதற்கு முன் அளப்பது உத்தமம். அவ்வளவு நேரம் இல்லையென்றால், இன்ஜினை அணைத்துவிட்டு ஹெட்லைட்டை 2 அல்லது 3 நிமிடம் எரியவிட்டு, அணைத்து, 10 நிமிடம் கழித்து அளக்கலாம். மீட்டர் முனைகளை டெர்மினல் கிளாம்ப்பில் வைக்காமல், நடுவே நிற்கும் ஈயத் தூணிலேயே வையுங்கள். ஏன் என்பது பின்னால் புரியும்.

திரவ ஆசிட் உள்ள வழக்கமான பேட்டரிக்கு 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பாகம். 11.9-க்குக் கீழே காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். வகையில் முழுச் சார்ஜ் 12.8 அல்லது அதற்குச் சற்று மேலே நிற்கும். 12 வோல்ட் லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தக் கணக்கு ஒன்றுகூடப் பொருந்தாது. 12.6-க்கும் 12.2-க்கும் இடையே இருப்பது வெறும் 0.4 வோல்ட்தான், ஆனால் பாதிப் பேட்டரி காணாமல் போயிருக்கிறது. மீட்டரின் உள் பேட்டரி இறங்கியிருந்தால் அதுவே இந்த அளவுக்குப் பிழை காட்டும் என்பதால், மீட்டருக்குப் புது பேட்டரி போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 10.5. கார் பேட்டரிக்குள் 6 செல்கள், ஒன்றுக்கு 2.1 வோல்ட். நன்றாகச் சார்ஜ் போட்ட பிறகும் 10.5-ஐ ஒட்டியே நிற்கிறது என்றால் ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. அதற்கு மேலும் மேலும் சார்ஜ் போட்டால், மீதி 5 செல்களும் 6 செல்களின் பங்கை வாங்கிக் கொதிக்க ஆரம்பிக்கும். அந்தப் பேட்டரியோடு போராடாமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

ஓய்வு வோல்ட் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். திராணி எவ்வளவு என்று சொல்லாது. 12.6 காட்டிவிட்டுச் சாவி திருப்பியதும் படுத்துவிடும் பேட்டரிகள் ஏராளம். அதனால் இரண்டாவது அளவை செல்ஃப் அடிக்கும்போது எடுக்க வேண்டும். முதலில் 12.4-க்கு மேல் சார்ஜ் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சார்ஜ் இல்லாத பேட்டரியை இந்தச் சோதனைக்கு உட்படுத்துவது நியாயமில்லை. வண்டி நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போடுங்கள். மீட்டர் ஒயரில் கிளிப் மாட்டி, சாவியைத் திருப்புவதற்கு முன்பே தூணில் கவ்வவிட்டு, முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். துப்பட்டா, தொங்கும் சட்டை நுனி, ஒயர் எதுவும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டக் கூடாது. பிறகு வேறொருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் பொத்தான் இருந்தால் வேலை சுலபம். மிதமான வெப்பநிலையில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நிம்மதி. 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. குளிர்ந்த இடத்தில் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு. ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த முறைக்கு முன் ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள்.

இங்கேதான் நல்ல பேட்டரிகள் அநியாயமாக மாற்றப்படுகின்றன. ஓய்வில் 12.6 காட்டுகிறது, சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரே ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கெல்லாம் அணைந்துபோகிறது, விட்டால் மறுபடி எரிகிறது. உடனே 'பேட்டரி போச்சு' என்கிறார்கள். காரணம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று, கிளாம்ப்புக்கும் தூணுக்கும் இடையே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு. இரண்டு, பேட்டரிக்குள் செல்களை இணைக்கும் ஈயப் பாலம் விரிசல் விட்டிருப்பது. பிரித்தறிய ஒரு வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பிளஸ் தூணின் நடுவிலும், இன்னொரு முனையை அதே தூணைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவே ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும், 0.1 வோல்ட் வரை போகலாம். 0.5 வந்தால், ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது அந்த ஒரு மூட்டிலேயே 75 வாட் சூடாக வீணாகிறது. 5, 6 வோல்ட் வந்தால் குற்றவாளி அந்த உப்புதான், பேட்டரி இல்லை. மைனஸ் பக்கமும் இப்படியே பாருங்கள். பிறகு மைனஸ் தூணுக்கும் இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்துக்கும் இடையே பாருங்கள், அங்கே 0.2-க்கு மேல் போனால் எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறது.

மாறாக, தூணுக்குத் தூண் அளக்கும்போதே வோல்ட் 2, 3 என்று சரிந்துவிட்டுத் திரும்பி வந்தால், முறிவு பேட்டரிக்கு உள்ளே. அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் செல்ஃப் அடிக்காதீர்கள். விரிசல் விட்ட பாலத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது பொறி பறப்பது ஹைட்ரஜன் தேங்கியிருக்கும் இடத்திலேயே. சாவியைத் திருப்பும் நேரத்தில் பேட்டரி வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'இன்னும் ஒரு தடவை பார்ப்போம்' என்ற சபலத்துக்கு இங்கே இடமே இல்லை.

உப்பைச் சுத்தம் செய்ய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி சமையல் சோடா போதும். கிளாம்ப்பைக் கழற்றிப் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லைன் பூசலாம். சோடாத் தண்ணீர் செல் மூடிகளின் காற்றுத் துளைக்குள் போகக் கூடாது. போனால் உள்ளே இருக்கும் அமிலத்தைக் கெடுக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வண்டியின் பாடி முழுக்க மைனஸ் என்பதால், மைனஸ் கழற்றாமல் பிளஸ்ஸில் ஸ்பேனர் வைத்தால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட கணமே ஷார்ட்.

மூன்றாவது அளவு, இன்ஜின் ஓடும்போது. அதே இரண்டு தூண்களில் 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. ஊதுகாற்று எல்லாம் போட்டு இன்ஜினைச் சற்று உயர்த்திப் பிடித்தாலும் 13.5-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுழற்றும் பெல்ட்டையோ பாருங்கள். புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் இரண்டு நாளில் அதுவும் இறங்கும். 15-ஐத் தாண்டி நிலையாக நின்றால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது; பேட்டரி தண்ணீரைக் கொதிக்கவிட்டுச் சாகடிக்கும். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே ஆல்டர்னேட்டரை ஏற்றி இறக்கும். அவற்றில் ஒரு நேரம் 12.8, இன்னொரு நேரம் 14.8 என்று காட்டுவது கோளாறு இல்லை. சில நிமிடங்கள் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும்.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தையும் கையோடு விட்டுவிட வேண்டும். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டருக்குப் பேட்டரிதான் அணை. அதைச் சட்டென்று பிடுங்கினால் சில நொடித்துளிகளுக்கு வோல்ட் பல மடங்கு எகிறும். இன்ஜின் கணினி, ஏர்பேக் பெட்டி, ஆல்டர்னேட்டரின் டையோடு என எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது. கழற்றும் இடத்தில் பறக்கும் பொறி வேறு.

மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால், ஆசிட் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று காட்டும் ஹைட்ரோமீட்டரைவிட நேர்மையான சோதனை கிடையாது. வோல்ட்மீட்டர் 6 செல்லையும் கூட்டித்தான் சொல்லும். ஹைட்ரோமீட்டர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே காட்டிக்கொடுக்கும். முழுச் சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை, பாதியில் 1.190 சுமார். வெப்பமான பகுதிகளுக்கென்று தயாராகும் சில பேட்டரிகளில் முழுச் சார்ஜே 1.240 சுமார்தான் இருக்கும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். எண்ணைவிட முக்கியம், செல்களுக்குள் ஒற்றுமை. 5 செல் 1.260 காட்டி ஒன்று மட்டும் 1.200 என்றால் அந்த ஒன்று பேட்டரியையே கீழே இழுக்கிறது, 0.050 வித்தியாசம் வந்தாலே மாற்றும் வேளை வந்துவிட்டது. பெரும்பாலான கருவிகள் 27 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டவை; அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய உடனே அளந்தால் மேலே மிதக்கும் தண்ணீரைத்தான் உறிஞ்சுவீர்கள். ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டோ சார்ஜ் போட்டுவிட்டோ அளங்கள். அடர்த்தி குறைந்திருக்கிறது என்று ஆசிட் ஊற்றுவது பெரிய தவறு. ஆசிட் எங்கும் போகவில்லை, தகடுகளில் சல்பேட்டாகப் படிந்திருக்கிறது. சார்ஜ் போட்டால் திரும்பி வரும்; நெடுநாள் அப்படியே கிடந்து இறுகிவிட்டால் வராது.

பேட்டரி மேலே இருக்கும் பச்சைக் கண்ணும் ஒரு ஹைட்ரோமீட்டர்தான், ஆனால் ஒரே ஒரு செல்லில் இருப்பது. மற்ற 5 செல்லும் எப்படிப் போனாலும் அது பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும். நிறம் வெளிறியோ மஞ்சளாகவோ தெரிந்தால் பல பேட்டரிகளில் திரவம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். லேபிளைப் படியுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.

பணிமனைகளில் இரண்டு வகைக் கருவிகள் உண்டு. பழையது, பெரிய சுமை கொடுத்துப் பார்ப்பது. கடுங்குளிரில் செல்ஃப் அடிக்கப் பேட்டரி எத்தனை ஆம்பியர் தரும் என்பதுதான் சி.சி.ஏ. எண். சி.சி.ஏ. 400 என்று எழுதிய பேட்டரிக்கு அதில் பாதி, 200 ஆம்பியர், 15 விநாடி. முடிவில் 9.6-க்கு மேல் நிற்க வேண்டும். கருவி நன்றாகச் சூடேறும். சுமையை அணைத்த பிறகே கிளிப்பை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரியின் தலைமேலேயே பொறி. புதியது, சின்ன மின்துடிப்பு அனுப்பிக் கணிக்கும் மின்னணுக் கருவி. பொறி இல்லை, சூடு இல்லை. பாதுகாப்பில் இதுதான் மேல். ஆனால் பேட்டரி வகையையும், சி.சி.ஏ. எண்ணையும், அது எந்தத் தரமுறையில் அளந்த எண் என்பதையும் சரியாகக் கொடுத்தால்தான் சரியான பதில் வரும். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. முறையில் மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும், ஐரோப்பாவின் இ.என். முறையில் அதே குளிரில் 10 விநாடி, 7.5 வோல்ட். எண்கள் வேறு, அர்த்தமும் வேறு. இதை மாற்றிப் போட்டால் நல்ல பேட்டரிக்கும் 'மாற்று' என்று சீட்டு வரும். 'சார்ஜ் செய்து மறுபடி சோதி' என்று சீட்டு வந்தால் அதுவும் மாற்றச் சொல்வதில்லை. சார்ஜர் போட்டு, உதாரணமாக 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4 முதல் 5 ஆம்பியர் வீதம் நிறைத்து, ஓய்வு கொடுத்து, மறுபடி சோதிக்க வேண்டும்.

எல்லாச் சோதனையும் தேறிய பேட்டரி இரண்டு மூன்று வாரம் நிறுத்தினால் மட்டும் இறங்குகிறது என்றால், வண்டியில் எதுவோ ரகசியமாக மின்சாரம் குடிக்கிறது. வண்டியைப் பூட்டி, கணினிகள் எல்லாம் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். தூங்குவதற்குச் சில கார்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். 50 மில்லி ஆம்பியர் என்பதே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பேட்டரி 19 நாளில் பாதியாகிவிடும். இதை அளக்க மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டர் கோப்பதைவிட, மில்லி ஆம்பியர் காட்டும் டி.சி. கிளாம்ப் மீட்டரை ஒயரைச் சுற்றிப் போடுவதே பாதுகாப்பு. நடுவில் மீட்டர் கோத்திருக்கும்போது யாராவது மறந்து சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போகும், மலிவு மீட்டர் என்றால் மீட்டரே போகும். ஹைபிரிட், மின்சாரக் கார்கள் பெரும்பாலானவற்றிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது லித்தியம் வகையாக இல்லாவிட்டால் ஓய்வு வோல்ட் சோதனை அதற்கும் பொருந்தும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக் கூடாது.

ஆசிட் தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்துபிடித்து, விடாமல் 20 நிமிடம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள். கண்ணில் சோடாத் தண்ணீர் விடவே கூடாது. சோடா தரைக்கும் டெர்மினலுக்கும் மட்டும்தான்.

பணிமனை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேட்டரியை மாற்றச் சொல்லும்போது, ஓய்வில், செல்ஃப் அடிக்கையில், இன்ஜின் ஓடுகையில் எடுத்த மூன்று வோல்ட் அளவுகளையும், கிளாம்ப்புகளைச் சுத்தம் செய்த பிறகு எடுத்தவையாக, பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். 5 நிமிட வேலை அது.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்